டம்ளர் உருளும் திசை

சின்ன முதலாளிக்குக் கார் ஓட்டத் தெரியாது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வீட்டிலிருந்து ஆலைக்கும் ஆலையிலிருந்து வீட்டுக்கும் டிரைவர் வைத்துப் போய் வந்தவர். ஒரு நாள் தானே ஓட்டுகிறேன் என்று வண்டியை எடுத்தார். ஆலையின் கேட்டைத் தாண்டுவதற்குள் சுவரில் உரசினார். இறங்கி வந்து, சுவர் கட்டிய கொத்தனாரைத் திட்டினார். அப்பேர்ப்பட்ட மகானுபாவர்தான் மொரீஷியஸுக்குக் கார் பந்தயத்தைக் கொண்டுவருகிறேன் என்று கிளம்பினார்.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. சேன் பியேரில், நாலு பக்கமும் கரும்புக்காடு சூழ்ந்த ஓர் ஆலை. பனியன் துணி பின்னி, டி-சர்ட் தைத்து, ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் அனுப்புவார்கள். பின்னல் இயந்திரங்களைப் பார்த்துக்கொள்ள என் கணவரைக் கோயமுத்தூரிலிருந்து வரவழைத்தார்கள். கூடவே கம்ப்யூட்டர் படித்த பெண்டாட்டியும் வந்திருக்கிறாள் என்று தெரிந்ததும் என்னைப் பிடித்துச் சம்பளப் பிரிவில் உட்கார வைத்தார்கள். ஆலை கொடுத்த இரண்டு அறை வீடு, சந்தைக்குப் போக போர்ட் லூயிஸ் பஸ், வெள்ளிக்கிழமை கோயில். ஊரை நினைத்து அழ எனக்கு நேரமும் இல்லை, ஆசையும் இல்லை. அந்தத் தீவு எனக்குப் பிடித்திருந்தது.

பிடித்து என்ன செய்ய? வேலை பர்மிட் என் கணவர் பேரில் இருந்தது. அவருக்கு உண்டென்றால் எனக்கும் உண்டு, அவருக்கு இல்லையென்றால் எனக்கும் இல்லை. அந்த டிசம்பரோடு அது முடிகிறது. நீட்ட வேண்டுமானால் இந்த ஆள் எங்களுக்கு வேண்டும் என்று ஆலை எழுதிக் கொடுக்க வேண்டும். கையெழுத்துப் போடுகிற கை சின்ன முதலாளியுடையது. கோயமுத்தூரில் என் கணவர் முன்பு வேலை பார்த்த மில்லோ பூட்டிக் கிடந்தது. திரும்பிப் போனால் மாமனார் வீட்டு முன்னறையில் பாய் விரிக்க வேண்டியதுதான்.

சின்ன முதலாளியும் தமிழர்தான். அவருடைய முப்பாட்டனார் கப்பலேறி வந்து கரும்பு வெட்டியவர். தைப்பூசத்துக்கு இவர் காவடி எடுப்பார், வாயில் வேல் குத்திக்கொள்வார். 'வணக்கம்', 'அம்மா', 'சாமி', 'அரோகரா' இவற்றைத் தாண்டித் தமிழ் வராது. மற்றதெல்லாம் தீவின் பேச்சுமொழியான க்ரியோல். தமிழ் தெரியாதது ஒன்றும் குற்றமில்லை, அந்தத் தீவில் பாதிப்பேர் அப்படித்தான். கார் தெரியாதது குற்றம். அவர் பேசியதை நான் என் தமிழில்தான் சொல்லியாக வேண்டும். ஒரே ஒரு சொல்லை மட்டும் அப்படியே விட்டுவைக்கிறேன். 'கொரேக்'. சரி, பிரமாதம், பிரச்சினை இல்லை, வாயை மூடு, எல்லாவற்றுக்கும் அவருக்கு அந்த ஒரே சொல்தான்.

டி-சர்ட் வாங்குகிற அமெரிக்கக்காரர் ஒருவர் இவரை ஊருக்கு அழைத்து, ஞாயிற்றுக்கிழமையும் அதுவுமாகக் கார் பந்தயம் பார்க்கக் கூட்டிப்போயிருக்கிறார். முட்டை வடிவத்தில் ஒரு மண் பாதை. அதில் பழைய கார்கள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு சுற்றிச் சுற்றி ஓடும். பார்த்ததும் சின்ன முதலாளிக்குத் தலைகால் புரியவில்லை. தீவில் வாரத்துக்கு ஒரு ஹோட்டல் திறக்கிறார்கள், வெள்ளைக்காரர்கள் கடலைப் பார்த்துப் பார்த்துச் சலித்துப்போய்க் கிடக்கிறார்கள், அவர்களைப் பஸ்ஸில் ஏற்றி வந்து கார் பந்தயம் காட்டினால் என்ன என்று விமானத்திலேயே திட்டம் போட்டுவிட்டார். கடற்கரையில் இருக்கிற ஒரு ஹோட்டல்காரரிடம் பேசினார். ஹோட்டல்காரர், ஒரு பந்தயம் நடத்திக் காட்டு, பிறகு பேசலாம் என்றார்.

சேன் பியேருக்கு வெளியே இவர்கள் குடும்பத்துக்குச் சொந்தமான கரும்பு வயல் ஒன்று அந்த வருடம் சும்மா கிடந்தது. புல்டோசர் விட்டுச் சமப்படுத்தினார்கள். வயலிலிருந்து பெயர்த்த கறுப்புப் பாறைகளை ஒரு வளைவுக்கு வெளியே மலை மாதிரி குவித்துவிட்டுப் போனார்கள். அவற்றை அப்புறப்படுத்தச் சொன்னேன். பார்க்க அழகாக இருக்கிறது என்றார் சின்ன முதலாளி.

ஓட்டுகிற ஆள் என் கணவர். ஏன்? ஒரு தடவை சின்ன முதலாளியின் கார் ஸ்டார்ட் ஆகாமல் நின்றபோது அவர் சரிசெய்து, ஆலை வளாகத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்து நிறுத்தியிருக்கிறார். அந்தத் தகுதி போதுமாம்.

"நீ ஜெயிச்சா பர்மிட்டுக்குக் கையெழுத்துப் போடறேன். மூணு வருஷம். கொரேக்?"

"கொரேக்" என்றார் என் கணவர். கையைக் கட்டிக்கொண்டு வேறு நின்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

காருக்குப் பூசை போர்ட் லூயிஸை ஒட்டிய சாந்த் குருவா கோயிலில் நடந்தது. லைசென்ஸ் போன ஒரு பழைய ஜப்பான் கார். கதவுகளை வெல்டிங் செய்து மூடி, கண்ணாடியெல்லாம் கழற்றி, உள்ளே இரும்புக் குழாயில் கூண்டு கட்டியிருந்தார்கள். அதற்குச் சந்தனம், குங்குமம், பானெட்டின் மேல் வாழைத்தார். குருக்கள் கும்பகோணம் பக்கத்து ஆள், வந்து ரொம்ப காலம் ஆகவில்லை. சின்ன முதலாளி அவரிடம் ஒரு சந்தேகம் கேட்டார். அதை நான்தான் தமிழில் சொன்னேன்.

"சாமி, பந்தயத்துல கார் எந்தப் பக்கமா சுத்தணும்னு கேக்கறாருங்க."

"இதென்னம்மா கேள்வி? வலமாத்தான். இடமா சுத்தறது வேற காரியத்துக்குன்னா."

சின்ன முதலாளி முகம் மலர்ந்துவிட்டது. போர்ட் லூயிஸ் ஷாம்ப் த மார்ஸ் மைதானத்தில் குதிரைகளும் வலமாகத்தான் ஓடுகின்றன, சனிக்கிழமை தவறாமல் போய்ப் பணம் கட்டுகிறவருக்குத் தெரியாதா? சாமியும் வலம், குதிரையும் வலம். அன்றே தீர்மானம் ஆகிவிட்டது. அப்போது எனக்கும் அதில் எந்தத் தப்பும் தெரியவில்லை.

அடுத்த வாரம் அமெரிக்காவிலிருந்து பார்சல் வந்தது. அட்டைப் பெட்டிக்குள் இரண்டு ஃபிளாப்பி, ஒரு தடித்த புத்தகம். பந்தயக் காரைத் தயார் செய்யும் மென்பொருள். காரின் ஒவ்வொரு சக்கரத்திலும் எவ்வளவு பாரம் இறங்குகிறது, ஸ்பிரிங் எவ்வளவு கெட்டி, டயர் எவ்வளவு சூடாகிறது என்று வரிசையாகக் கேட்கும். சொன்னால், எதை எங்கே நகர்த்த வேண்டும், எந்த டயரை மாற்ற வேண்டும் என்று பதில் சொல்லும். நல்ல மென்பொருள். எழுதியவனை நான் குறை சொல்ல மாட்டேன். கேட்டதற்கு ஒழுங்காகப் பதில் சொன்னது, அந்த ஆலையில் அப்படிச் செய்தது அது ஒன்றுதான்.

ஆலையில் இருந்ததே ஒரு கம்ப்யூட்டர்தான், என்னுடையது. அதற்கு ஏசி அறை. செருப்பைக் கழற்றி வெளியே விட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். மானிட்டர் நெற்றியில் சின்ன முதலாளி கையால் வைத்த குங்குமம். வெள்ளிக்கிழமையானால் ஊதுபத்தி. சாம்பல் கீபோர்டுக்குள் விழும், கவிழ்த்துத் தட்டித் தட்டி நான்தான் எடுப்பேன். இப்போது அந்த அறைக்குள் ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு, தடித்த புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு அவர் உட்கார்ந்துவிட்டார். புத்தகத்தை என் கையில் தரமாட்டார்.

"மதாம், நீங்க டைப் பண்ணுங்க. யோசிக்கறது என் வேலை."

யோசித்துக் கிழித்தார்.

சக்கரங்களின் பாரத்தை எப்படி அளப்பது? நூல் குடோனில் மூட்டை நிறுக்கிற தராசுகள் இருந்தன. நாலையும் இழுத்து வந்து, ஒவ்வொரு சக்கரத்துக்கும் அடியில் ஒன்றாக வைத்துக் காரை ஏற்றினார்கள். குடோனில் மூட்டைகள் நிறுக்காமல் குவிந்து கிடந்தன. துறைமுகத்திலிருந்து போன் மேல் போன். சின்ன முதலாளி குனிந்து முள்ளைப் பார்த்து எண்ணைக் கத்துவார், நான் எழுதிக்கொண்டு ஓடி, செருப்பைக் கழற்றி, உள்ளே போய் டைப் செய்வேன்.

மென்பொருள் சொன்னது: இடப்பக்கம் பாரம் போதாது. கூட்டு.

பேட்டரியை இடப்பக்கம் மாற்றினார்கள். மறுபடி நிறுத்தார்கள். போதாது. பழைய பின்னல் இயந்திரத்தின் இரும்புத் துண்டுகளை இடப்பக்கம் போல்ட் போட்டு முறுக்கினார்கள். அப்போதும் போதாது. அந்தத் தீவில் ஸ்டியரிங் வலது பக்கம். ஓட்டுகிறவர் வலது பக்கம் உட்கார்ந்தால் வலப்பக்கம் பாரம் ஏறத்தானே செய்யும்? சின்ன முதலாளி கண்ணை மூடி யோசித்து, ஒரு முடிவுக்கு வந்தார். ஓட்டுகிறவர் எடையைக் குறைக்க வேண்டும்.

நான் சும்மா சொல்லவில்லை. என் கணவருக்கு அன்று முதல் சோறு கிடையாது. காலையில் ஒரு பப்பாளித் துண்டு, மத்தியானம் மோர், சாயங்காலம் கோதுமைக் கஞ்சி. சின்ன முதலாளி ஆலை கேண்டீனில் சொல்லிவைத்துவிட்டார். சனிக்கிழமை தோறும் அந்த மனுஷனை நூல் தராசில் ஏற்றி நிறுப்பார்கள். தைக்கிற பெண்கள் ஜன்னலில் கூடி நின்று சிரிப்பார்கள்.

"எதுக்குங்க இந்தக் கூத்து? மாட்டேன்னு ஒரு வார்த்தை சொல்ல வாய் வராதா?"

"பர்மிட்டு புள்ள" என்பார். எது கேட்டாலும் அதே பதில். அந்த ஒரு சொல்லைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது.

இரும்பெல்லாம் கட்டி முடித்ததும் முதல் ஒத்திகை நடந்தது. நேர் பாதையில் கார் பறந்தது. வளைவு வந்ததும் ஸ்டியரிங்கை எவ்வளவு வலது பக்கம் ஒடித்தாலும் வெளிப்பக்கமாகவே இழுத்துக்கொண்டு போய்க் கரும்புக்குள் நுழைந்தது. என் கணவர் தலையில் கரும்புச் சோகையோடு வெளியே வந்தார். சின்ன முதலாளி கவலைப்படவில்லை. "கொரேக். கம்ப்யூட்டர்கிட்டச் சொல்லுவோம்" என்றார்.

சொன்னோம். வளைவில் திரும்ப மாட்டேன் என்கிறது, வெளியே தள்ளுகிறது என்று டைப் செய்தேன். இடப்பக்கம் இன்னும் பாரம் ஏற்று, வலது பின்சக்கரத்துக்கு இன்னும் பெரிய டயர் போடு என்று பதில் வந்தது. ஏற்றினார்கள், போட்டார்கள். அடுத்த ஒத்திகையில் கார் இன்னும் வேகமாகக் கரும்புக்குள் போனது. மறுபடி டைப் செய்தேன். இன்னும் ஏற்று, இன்னும் பெரிதாகப் போடு. மூன்றாவது தடவை பாறைக் குவியலுக்கு இந்தப் பக்கம் ஒரு முழம் தள்ளி நின்றது. அங்கே நின்ற அத்தனை பேரில் ஒருவர்கூட, இந்த வைத்தியம் நோயைக் கூட்டுகிறதே என்று வாய் திறக்கவில்லை. நிறுப்பதும் முறுக்குவதும் தலையாட்டுவதுமாக இருந்தார்கள்.

அன்று சாயங்காலம் அவர் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தபோது கேட்டேன்.

"ஏனுங்க, வலது பக்கம் பெரிய டயர் போட்டா என்னாகுமுங்க?"

"பெரிய சக்கரம் ஒரு சுத்துல ஜாஸ்தி தூரம் போகும். சின்னது கொஞ்சமாப் போகும். அப்ப வண்டி தானா எடது பக்கமாத் திரும்பும். டம்ளரை உருட்டி விட்டாப் பாரு, வாய் பெருசு, அடி சிறுசு, அடிப்பக்கமாத்தானே சுத்திக்கிட்டுப் போகும்? அது மாதிரிதான்."

"சரிங்க. நீங்க பந்தயத்துல எந்தப் பக்கம் திரும்பறீங்க?"

கஞ்சி டம்ளர் வாய்க்கு அருகே அப்படியே நின்றது. இத்தனை வருடம் இயந்திரங்களோடு புழங்கிய மனிதர். அவருக்கு அது தெரியாமல் இல்லை. முதலாளி சொன்னார் என்றதும் தெரிந்ததை மூட்டை கட்டிப் பரணில் போட்டுவிட்டார், அவ்வளவுதான்.

"அந்த அமெரிக்காக்காரன் ஊர்ல எல்லாரும் எடது பக்கமாத்தான் சுத்துவாங்களாட்ட இருக்குது" என்றார் மெல்ல. "முதலாளிக்குத் தெரியாமயா இருக்கும்?"

தெரியாமல்தான் இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து அந்தப் பந்தயத்தைப் பார்த்த மகராசனுக்கு, கார்கள் எந்தப் பக்கம் திரும்பின என்பது கண்ணில் படவில்லை. பீர் கோப்பை கண்ணை மறைத்திருக்கும்.

மறுநாள் வீட்டிலிருந்து ஒரு எவர்சில்வர் டம்ளரை எடுத்துப்போனேன். சின்ன முதலாளியின் மேசையில் காகிதங்களை ஒதுக்கிவிட்டு உருட்டிக் காட்டினேன். டம்ளர் அழகாக வளைந்து அவருடைய பேனா ஸ்டாண்டில் முட்டி நின்றது. மென்பொருள் இடது பக்கம் சுற்றுகிற காருக்கு எழுதியது, நம் கார் இந்த டம்ளர், அது இடது பக்கம்தான் போகும், நாம் வலது பக்கம் பிடித்து இழுக்கிறோம் என்றேன். வழி மிகச் சுலபம். எண்களைக் கொடுக்கும்போது இடதை வலதாகவும் வலதை இடதாகவும் மாற்றிக் கொடுத்துவிட்டு, பதிலையும் அதே மாதிரி மாற்றிப் படித்தால் போதும். இரும்பைக் கழற்றி அந்தப் பக்கம் மாட்டுங்கள், டயரை மாற்றுங்கள். ஸ்டியரிங்கும் வலது பக்கம் இருப்பதால் ஓட்டுகிறவர் வயிறார ஒரு வேளை சோறும் தின்னலாம்.

அவர் டம்ளரை எடுத்துப் பார்த்தார். உள்ளே பார்த்தார். திருப்பி அடியைப் பார்த்தார்.

"டம்ளருக்கு என்ஜின் இருக்கா, மதாம்?"

"இல்லைங்க."

"காருக்கு இருக்கு. கம்ப்யூட்டர் இடப்பக்கம்னு சொன்னா இடப்பக்கம்தான். வலதுன்னு பொய் சொல்லி அதை ஏமாத்தச் சொல்றீங்களா? பூசை போட்ட மெஷினை?"

"அப்படின்னா பந்தயத்தையே இடது பக்கமா ஓட்டச் சொல்லுங்க."

அவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "சாமி என்ன சொன்னாரு? நீங்கதானே மொழிபெயர்த்தீங்க? அது செத்தவங்களுக்குச் சுத்தற பக்கம்." டம்ளரை என் கையில் திணித்தார். "நீங்க சம்பளம் போடுங்க, மதாம். கொரேக்?"

ஒரு மனுஷனிடம் அசட்டுத்தனம் இருக்கலாம், அகம்பாவமும் இருக்கலாம். இரண்டும் ஒரே சட்டைக்குள் இருந்து, அதன் பையில் கையெழுத்துப் போடுகிற பேனாவும் இருந்தால் என்ன செய்வது? நான் வீட்டுக்கு வந்து என் கணவர் மேல் பாய்ந்தேன்.

"நீங்களே மாத்திப் போட்டுடுங்க. வண்டி உங்க கையிலதான இருக்குது?"

"பந்தயத்தன்னைக்குக் காலைல தராசு வெச்சு நிறுக்கறேன்னு சொல்லியிருக்காரு. எண்ணு மாறியிருந்தா மாட்டிக்குவேன்."

"பாறையில போய் மோதினா?"

"மெதுவா ஓட்டிக்கறேன் விடு."

"மெதுவா ஓட்டினா எப்படி ஜெயிப்பீங்க? ஜெயிக்கலைன்னா பர்மிட்டு எங்கிருந்து வரும்? கெரகம், எனக்குன்னு வந்து வாச்சிருக்கு பாருங்க ஒரு தலையாட்டி பொம்மை!"

பந்தய நாள்வரை நான் அவரோடு பேசவில்லை. கஞ்சியை மட்டும் முன்னால் நகர்த்திவைப்பேன்.

பந்தயத்துக்கு நல்ல கூட்டம். நுழைவாயிலில் வாழைமரம், மூங்கிலில் கொடிகள், ஓரமாகத் தால்பூரி வண்டிகள், லீவு கொடுத்துக் கூட்டி வந்த தையல் பெண்கள். ஹோட்டல்காரர் அரைக்கால் சட்டையும் வைக்கோல் தொப்பியுமாக வந்து, நிழலில் போட்ட நாற்காலியில் உட்கார்ந்தார். குருக்கள் ஒவ்வொரு சக்கரத்துக்கும் அடியில் எலுமிச்சம்பழம் வைத்தார். காலையில் தராசு வைத்து நிறுத்தாகிவிட்டது, எண்ணெல்லாம் கம்ப்யூட்டர் சொன்னபடி. சின்ன முதலாளி பிரிண்ட் எடுத்த தாளை ஹோட்டல்காரரிடம் விசிறி மாதிரி ஆட்டி ஆட்டிக் காட்டிக்கொண்டிருந்தார். எதிராளிகள் டாக்ஸி ஓட்டுகிறவர்கள், காரேஜ் வைத்திருப்பவர்கள். அவர்கள் காரில் கம்ப்யூட்டரும் இல்லை, பூசையும் இல்லை, ஒரு காரில் பின் சீட்டைக்கூடக் கழற்றவில்லை.

கொடி விழுந்தது. நேர் பாதையில் என் கணவர் முன்னால் போனார். தையல் பெண்கள் "ஆலே! ஆலே!" என்று க்ரியோலில் 'போ, போ' என்று கூவினார்கள். முதல் வளைவிலேயே கார் நேராகக் கரும்புக்குள் போனது. பின்னுக்கு எடுத்து, திருப்பி, மறுபடி ஓட்டினார். அடுத்த வளைவு பாறைக் குவியல். அங்கே ஏறக்குறைய நிறுத்தி, நடக்கிற வேகத்தில் திருப்பினார். அதன் பிறகு ஒவ்வொரு சுற்றும் இதே கதை. பறப்பார், நிற்பார், உள்ளே போவார், சோகையோடு வருவார். ஹோட்டல்காரர் சிரித்தார். பிறகு கூட்டமே சிரித்தது. பின் சீட்டைக்கூடக் கழற்றாத டாக்ஸிக்காரன் ஒரு கையை ஜன்னலுக்கு வெளியே தொங்கவிட்டபடி ஜெயித்தான். என் கணவர் கடைசி.

சின்ன முதலாளி காரை நோக்கி ஓடினார். எல்லார் முன்னாலும், விரலை நீட்டி, "ஓட்டத் தெரியாத பய! கம்ப்யூட்டர் அவ்வளவு கரெக்டாச் சொல்லியும் கெடுத்துட்டியே! உனக்கெல்லாம் பர்மிட்டு ஒரு கேடா!" என்று கத்தினார். ஹோட்டல்காரர் எழுந்து தொப்பியைச் சரிசெய்துகொண்டார், போவதற்குத்தான்.

என் கணவர் ஜன்னல் வழியாகக் கூட்டத்தில் என்னைத் தேடினார். கண்டுபிடித்தார். ஒரு நிமிஷம் பார்த்தார். அப்புறம் வண்டியை மறுபடி ஸ்டார்ட் செய்தார், அப்படியே திருப்பி எதிர்ப்பக்கமாக நிறுத்தினார்.

"சிவ சிவா! இடமாப் போறானே!" என்றார் குருக்கள்.

போனார். முதல் வளைவில் கார் தரையை இறுகப் பிடித்துக்கொண்டு, யாரோ கயிறு கட்டி உள்ளே இழுப்பதுபோல அப்படியே திரும்பியது. ஸ்டியரிங்கில் அவர் கை அசைந்த மாதிரியே தெரியவில்லை. பாறைக் குவியலை வேகம் குறைக்காமல் தாண்டினார். இரண்டாவது சுற்றில் இன்னும் வேகம். அன்று முழுக்க எந்தக் காரும் அப்படி ஓடவில்லை. கூட்டம் ஒரேயடியாகக் கத்தியது. ஹோட்டல்காரர் நாற்காலி மேல் ஏறி நின்றுகொண்டார். நானும் கத்தினேன், என்ன கத்தினேன் என்று தெரியாது, அழுதுகொண்டே கத்தினேன். இத்தனை நாள் திட்டிய வாயால்தான்.

அவர் வந்து நிறுத்தி, ஜன்னல் வழியே வெளியே ஏறி இறங்கினார். சின்ன முதலாளிக்கு இப்போதாவது உறைத்திருக்கும் என்று நினைத்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். அவர் பிரிண்ட் தாளைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஹோட்டல்காரரிடம் ஓடினார்.

"பாத்தீங்களா? கம்ப்யூட்டர் சொன்னது அத்தனையும் சரி! ஓட்டறவனுக்கு இப்பத்தான் ஓட்ட வந்திருக்கு!"

ஹோட்டல்காரர் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். எந்தப் பக்கம் ஓடியது என்பது பற்றி அவருக்கு என்ன கவலை? வேகமாக ஓடியது, போதும். சின்ன முதலாளி என் கணவர் தோளில் கை போட்டு இழுத்து வந்தார். காதருகே குனிந்து சொன்னது எனக்கும் கேட்டது.

"பந்தயத்துல உன் தப்புன்னு இவர்கிட்டச் சொல்லிடு. திங்கக்கிழமை கையெழுத்துப் போடறேன். மூணு வருஷம். கொரேக்?"

கேட்ட மாத்திரத்தில் எனக்குள் கணக்கு ஓடியது, மறைக்க மாட்டேன். மூன்று வருடம். அந்த இரண்டு அறை வீடு. போர்ட் லூயிஸ் பஸ். ஒரே ஒரு வாக்கியம் சொன்னால் போதும், அதுவும் அவருக்குப் பழக்கமான வாக்கியம்தான். தலையாட்டிவிடுவார் என்று நினைத்தேன். தலையாட்டிவிட்டால் ஒரு பக்கம் நிம்மதி, மறு பக்கம் அந்த முகத்தை ஆயுசுக்கும் எப்படிப் பார்ப்பது என்ற பயம்.

என் கணவர் ஹோட்டல்காரரிடம் அவருக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் பேசினார். கார் இடது பக்கம் ஓடத்தான் தயார் செய்யப்பட்டது, வலது பக்கம் ஓட்டியது தப்பு, இதைக் கண்டுபிடித்தது தான் இல்லை என்றார். கையை நீட்டி என்னைக் காட்டினார்.

"என் மனைவி. முதல்லயே சொன்னா. நாங்க யாரும் கேக்கல."

ஹோட்டல்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார். சின்ன முதலாளி பக்கம் திரும்பி, இவர் யார் என்று கேட்டார்.

"சம்பளம் டைப் பண்றவங்க" என்றார் சின்ன முதலாளி.

"ஓ" என்றார் ஹோட்டல்காரர். தால்பூரி எங்கே கிடைக்கும் என்று விசாரித்தார்.

நாங்கள் நடந்துபோய் பஸ் ஏறினோம். அவர் தலையில் இன்னும் கரும்புச் சோகை ஒட்டிக்கொண்டிருந்தது, எடுத்துவிட்டேன். வீட்டுக்குப் போனதும் அரிசி களைந்து வைத்தேன். நாலு கரண்டி சோறு, ரசம், அப்பளம். அவர் நிமிராமல் சாப்பிட்டார்.

கையெழுத்து விழவில்லை. டிசம்பர் சம்பளத்தை நான்தான் போட்டேன். முடித்த பிறகு, வேலையை விட்டுப் போகிறவர்களின் பெயரைப் பட்டியலிலிருந்து எடுக்க வேண்டும், அதுவும் என் வேலைதான். மானிட்டர் நெற்றியில் குங்குமம் புதிதாக இருந்தது. பின்னால் நாற்காலியில் சின்ன முதலாளி, தடித்த புத்தகம் மடியில், அடுத்த பந்தயத்துக்கு யாரை ஓட்டவைக்கலாம் என்று யாரிடமோ போனில் பேசிக்கொண்டிருந்தார். வலமாகத்தான் என்று சொல்வதும் கேட்டது. நான் என் கணவர் பெயரைத் தேடி எடுத்தேன். நிச்சயமாக நீக்கவா என்று கம்ப்யூட்டர் கேட்டது. அந்த ஆலையில் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எதையும் செய்தது அது ஒன்றுதான். ஆமாம் என்று அழுத்தினேன். அடுத்தது என் பெயர். அதற்கும் கேட்டது, அதற்கும் ஆமாம்.

"முடிஞ்சுதா மதாம்?" என்றார் அவர், போனைக் கையால் பொத்திக்கொண்டு.

"கொரேக்" என்றேன். வெளியே வந்து செருப்பை மாட்டிக்கொண்டேன். கேட்டுக்குப் பக்கத்தில் என் கணவர் எனக்காகக் காத்துக்கொண்டு நின்றிருந்தார், கையைக் கட்டாமல்.